நாடுகளை ஒப்பிடும் சுகாதார ஆய்வுகள்: மாதிரிக்கு எடை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புக் குடியிருப்புகளிலும்) உள்ள தமிழருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) அதிகமா, இலங்கையின் நுவரெலியா மலைத்தோட்டத் தமிழருக்கு அதிகமா, தமிழ்நாட்டின் வால்பாறையில் இருப்பவர்களுக்கா? கேட்பது சுலபம். மூன்று நாட்டுத் தரவையும் கணினியில் இறக்கி, சதவீதம் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட அரை நாள் போதும். அந்தச் சதவீதத்துக்குள் யார் எத்தனை பேருக்காகப் பேசுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் போட்டால், வரும் பதில் எந்தத் தோட்டத்தையும் பற்றியதாக இருக்காது.

மாதிரியில் வந்த ஒருவர், வராத எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்ணைத்தான் எடை என்கிறோம். அவர் தேர்வாவதற்கு இருந்த வாய்ப்பைத் தலைகீழாக்கினால் அது கிடைக்கும். தேர்வு எத்தனை படிகளில் நடந்ததோ, அத்தனை படிகளும் கணக்கில் வர வேண்டும். பெரும்பாலான பிழைகள் ஏதோ ஒரு படியை மறப்பதால் வருகின்றன.

வீட்டுக்குள் நடக்கும் தேர்வை மறப்பது

ஓர் உதாரணம். ஒரு மாவட்டத்தில் 200 கணக்கெடுப்பு வட்டாரங்கள். அவற்றில் 10 குலுக்கலில் எடுக்கப்படுகின்றன. வாய்ப்பு 0.05. வட்டாரத்தில் 100 வீடுகள்; 12 எடுக்கப்படுகின்றன. வாய்ப்பு 0.12. ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டில் அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று பெரியவர்கள் நால்வர். ஒருவரை மட்டும் பேட்டி காண்கிறோம். வாய்ப்பு 0.25. மூன்றையும் பெருக்கினால் 0.0015. அவருடைய எடை சுமார் 667.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். வீடு தேர்வானால் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. கடைசிப் படியின் வாய்ப்பு 1. பெருக்கினால் 0.006, எடை 167. எடை போடாமல் சராசரி எடுத்தால் பாட்டியும் அந்த மருமகளும் சமம் ஆகிவிடுவார்கள். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டதால் முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் தோட்டப்புறங்களில் உண்டு. வயதானவர்களுக்கு இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் கூடுதல். ஆகவே எடை போடாத கணக்கு நோயை மிகைப்படுத்தும்.

இதைப் பின்னால் சரிசெய்ய ஒரே ஒரு தகவல் தேவை: அந்த வீட்டில் தகுதியுள்ள பெரியவர்கள் எத்தனை பேர். அதைப் படிவத்தில் எழுதாமல் விட்டால், அலுவலகத்தில் உட்கார்ந்து எதையும் மீட்க முடியாது. யாரை எண்ணுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். வார நாட்களில் ஈப்போவில் தங்கி, வாரக்கடைசியில் வரும் மகன் உள்ளேயா வெளியேயா? ‘கடந்த மாதத்தில் பெரும்பாலான இரவுகள் இங்கே படுத்தவர்’ என்பது போல ஒரு விதி இருந்தால், பேட்டியாளர் ஆளுக்கு ஒரு மாதிரி எண்ண மாட்டார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சில நாடுகள் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து ஆளையே நேரடியாகக் குலுக்கி எடுக்கின்றன. அங்கே வீட்டுக்குள் தேர்வு என்ற படியே கிடையாது. பன்னாட்டுச் சமூக ஆய்வுத் திட்டமான ஐ.எஸ்.எஸ்.பி. 2011-லும் 2021-லும் உடல்நலம், மருத்துவப் பராமரிப்பு பற்றிக் கேட்டது. அதில் மாதிரி எடுக்கும் முறையும் எடை போடும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. எல்லா நாட்டுக்கும் வீட்டு ஆள்எண்ணிக்கையால் பெருக்கினால், பதிவேடு வைத்திருக்கும் நாட்டின் கணக்கை நீங்களே கெடுக்கிறீர்கள். ஒவ்வொரு நாட்டின் மாதிரி அறிக்கையையும் தனித்தனியாகப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

பழைய வரைபடம், புதிய லயம்

வட்டாரப் பட்டியலில் 100 வீடு என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ரப்பர் வெட்டி செம்பனை நட்டபோது பாதி லயத்தை இடித்திருப்பார்கள். ஆள் இருப்பது 37 வீடுகளில் மட்டும். அங்கே 12 வீடு எடுத்தால் வாய்ப்பு 12/37, அதாவது சுமார் 0.32. பழைய 100-ஐ வைத்து 0.12 என்று போட்டால் அந்த வட்டாரத்துக்காரர்களின் எடை 2.7 மடங்கு ஊதிவிடும். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமானில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: பட்டியலில் 100, நிஜத்தில் 180. அங்கே எடை சுருங்கிவிடும். அதனால் பேட்டிக்கு முன்பே வட்டாரம் முழுதும் நடந்து, கதவு கதவாகப் புதிய பட்டியல் எடுப்பது அவசியம். ஆள் இல்லாத வீடு வேறு, ஆள் இருந்தும் கதவு திறக்காத வீடு வேறு. முன்னது கணக்கிலிருந்து போகும். பின்னது பதில் தராதவராக நிற்கும். இரண்டுக்கும் ஒரே குறியீடு போட்டால் பதிலளிப்பு விகிதமே பொய்யாகிவிடும்.

காலையில் போய்க் கதவைத் தட்டுவது

தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் எடுப்பது. காலை பத்து மணிக்குப் போகும் பேட்டியாளருக்கு வீட்டில் அகப்படுவது முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள், வேலைக்குப் போக முடியாதபடி நோயில் கிடப்பவர்கள். ‘பரவாயில்லை, பிறகு வயதுக்கும் பாலினத்துக்கும் எடை போட்டுக்கொள்ளலாம்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. 40 வயது ஆண்களின் எண்ணிக்கையைச் சரிக்கட்டலாம். ஆனால் பகலில் வீட்டில் அகப்பட்ட 40 வயது ஆண், ரப்பர் பால் வெட்டப் போன 40 வயது ஆணின் உடல்நிலையில் இருப்பவர் அல்லர். அந்த இடைவெளியை எந்த எடையும் மூடாது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் குறைந்தது மூன்று முறை திரும்பப் போவதுதான் மருந்து.

அதற்குப் பிறகும் வராதவர்களுக்கு ஈடுசெய்யும்போது, நாடு முழுவதற்கும் ஒரே எண்ணால் பெருக்காதீர்கள். அதனால் எந்தச் சதவீதமும் மாறப்போவதில்லை. சிறு கட்டங்களாகப் பிரியுங்கள்: வட்டாரம், வயது, பாலினம். ஒரு கட்டத்தில் 60 பேர் தேர்வாகி 45 பேர் பதில் தந்திருந்தால், அந்த 45 பேரின் எடையை 1.33-ஆல் பெருக்க வேண்டும். கட்டத்தில் இருபது, முப்பது பேர்கூடத் தேறவில்லையென்றால் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள். இல்லாவிட்டால் ஓரிருவர் தலையில் ஊரின் பாரமே ஏறிவிடும்.

எந்த மக்கள்தொகைக்குச் சரிக்கட்டுகிறோம்?

மாதிரியின் எடைகளை மக்கள்தொகைக் கணக்கோடு ஒத்துப்போகும்படி மாற்றுவதுதான் சரிக்கட்டுவது. மலேசியாவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தம் 3 கோடியே 24 லட்சம் பேர். குடிமக்கள் 2 கோடியே 98 லட்சம். ‘இந்தியர் 6.7 சதவீதம்’ என்று எல்லோரும் சொல்வது குடிமக்களில். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உள்ள மாதிரியை எடுத்துக்கொண்டு, மொத்தத்துக்கும் 6.7 என்று சரிக்கட்டினால் தவறு. மொத்தத்தில் அது ஏறக்குறைய 6.2 தான். இன்று தோட்ட வேலையில் இந்தோனேசியர், வங்காளதேசியர், நேபாளிகள் நிறைய. அவர்கள் தங்கியிருக்கும் கொங்சிகள் (தொழிலாளர் கொட்டகைகள்) வீடு வீடாகப் போகும் ஆய்வின் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. பட்டியலில் இல்லாத ஒருவரின் வாய்ப்பு பூஜ்யம். பூஜ்யத்தைத் தலைகீழாக்க முடியாது. அவர்களைச் சேர்க்க முடியாவிட்டால், ‘வீடுகளில் வசிக்கும் குடிமக்கள் பற்றிய ஆய்வு’ என்று தலைப்பிலேயே எழுதிவிடுவது நேர்மை.

அடுத்தது பிரிவுகளின் பெயர்கள். மலேசியக் கணக்கில் ‘இந்தியர்’ என்ற கட்டத்துக்குள் தமிழரோடு தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லோரும் இருக்கிறார்கள். இலங்கையில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டு கட்டங்கள். மலையகத்தவரில் பலர் முதல் கட்டத்தில் பதிந்துகொள்வதும் உண்டு. இந்தியாவில் தாய்மொழியை மட்டும்தான் பார்க்க முடியும். மூன்றையும் ‘தமிழர்’ என்று ஒரே குறியீட்டில் அடைத்தால் மூன்று வேறு கூட்டங்களை ஒப்பிடுகிறோம்.

நகரம், கிராமம் என்பதும் இப்படித்தான். மலேசியாவில் 10,000 பேருக்குக் குறையாமல் வசிக்கும் அரசிதழில் அறிவித்த பகுதியும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும், பெரியவர்களில் 60 சதவீதத்தினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருந்தால், நகரம். இந்தியாவில் கணக்கெடுப்பு நகரத்துக்கு 5,000 பேர், ஆண் உழைப்பாளரில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத தொழில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். இலங்கையில் நகரம், கிராமம் தவிர மூன்றாவதாகத் ‘தோட்டம்’ என்றே ஒரு துறை: 20 ஏக்கருக்குக் குறையாமல், பத்துத் தொழிலாளராவது குடியிருக்கும் பெருந்தோட்டம். ஆகவே சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணம் எந்த நாட்டு விதியில் வைக்கிறோமோ அதற்கேற்ப இடம் மாறும். அவரவர் நாட்டுக்குள் எடையைச் சரிக்கட்ட அவரவர் விதியைப் பயன்படுத்துங்கள். நாடுகளுக்கிடையே ‘கிராமப்புறம்’ என்று வரிசைப்படுத்தும்போது அதே பிரிவை நம்பாதீர்கள்.

கூடுதலாக எடுத்ததைக் குறைக்க மறப்பது

2012 கணக்குப்படி இலங்கையில் தோட்டத் துறையில் இருப்போர் 4.4 சதவீதம். 1,000 பேர் மாதிரியில் விகிதப்படி 44 பேர்தான் வருவார்கள். 44 பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால் வேண்டுமென்றே 300 பேரை எடுப்பது நல்ல முறை. ஆனால் இலங்கை முழுவதற்கும் சராசரி சொல்லும்போது அந்த 300 பேரின் எடை 0.044/0.3, அதாவது 0.147, மற்ற 700 பேரின் எடை 0.956/0.7, அதாவது 1.366. இதை விட்டுவிட்டால் நாட்டின் எண்ணில் மலையகம் ஏழு மடங்கு வீங்கி நிற்கும்.

எடை ஏறுமாறாக இருந்தால் துல்லியம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதற்குப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த சுருக்கு வழி: எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் 10 லட்சத்தை 1,312-ஆல் வகுத்தால் 762. நாடு முழுவதற்குமான மதிப்பீட்டில் உங்கள் 1,000 பேர் 762 பேரின் பலத்தில் நிற்கிறார்கள். தோட்டத் துறையை மட்டும் பார்க்கும்போது அந்த 300 பேருக்கும் ஒரே எடை, இழப்பு இல்லை. எடை மிகவும் பெரிதாகப் போன ஓரிருவரை வெட்டிக் குறைப்பது வழக்கம்தான். குறைத்த பின் மீண்டும் ஒருமுறை மக்கள்தொகைக்குச் சரிக்கட்டாமல் விடுவதுதான் தவறு.

நாடுகளை ஒரே கோப்பில் ஒட்டுவது

அதிகச் சேதம் இங்கேதான். ஒரு நாட்டுக் கோப்பில் எடைகளைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையே வரும். ஒருவருக்கு ஆயிரக்கணக்கில் எடை. இன்னொன்றில் சராசரி எடை 1. மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளான டி.எச்.எஸ். வரிசையில், இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு (என்.எஃப்.எச்.எஸ்.) உட்பட, எடை தசமப் புள்ளி இல்லாமல் பதிவாகியிருக்கும். 10 லட்சத்தால் வகுத்த பிறகே பயன்படுத்த வேண்டும். அப்படியே மூன்றையும் ஒட்டினால், எந்தக் கோப்பின் எண் பெரிதோ அந்த நாடு மற்றதை விழுங்கும். அதை முடிவு என்று அச்சிட்டுவிடுகிறார்கள்.

சரியாக மக்கள்தொகைக்கே அளவிட்டாலும் யோசிக்க வேண்டும். இந்தியா 140 கோடி, மலேசியா மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு, இலங்கை 2.2 கோடி. மூன்றும் சேர்ந்த சராசரியில் 96 சதவீதம் இந்தியா. ‘மூன்று நாட்டு மக்களில் எத்தனை பேருக்கு நோய்’ என்ற கேள்விக்கு அது சரி. ‘மூன்று சுகாதார அமைப்புகள் எப்படி வேறுபடுகின்றன’ என்ற கேள்விக்கு, ஒவ்வொரு நாட்டின் எடையும் ஒரே கூட்டுத்தொகைக்கு வரும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டை மட்டும் எடுப்பவர்கள் என்.எஃப்.எச்.எஸ். கோப்பில் உள்ள மாநில எடையைப் பயன்படுத்த வேண்டும்; தேசிய எடை இந்தியா முழுவதற்குமானது.

வயதும் தொந்தரவு தரும். மாதிரி எடை அந்தந்த நாட்டின் வயதமைப்பைத் திருப்பித் தருகிறது. வயது வித்தியாசத்தை நீக்குவதில்லை. நீக்க வேண்டுமானால் உலகச் சுகாதார நிறுவனத்தின் தர மக்கள்தொகை போன்ற ஒன்றுக்குத் தனியாக வயது தரப்படுத்த வேண்டும். மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வான என்.எச்.எம்.எஸ். 2019-ல் பெரியவர்களிடம் 18.3 சதவீதமும் 2023-ல் 15.6 சதவீதமும் நீரிழிவு காட்டியது 18 வயதுக்கு மேற்பட்டவர்களிடம். என்.எஃப்.எச்.எஸ்.-5 இரத்தச் சர்க்கரை பார்த்தது 15 வயதிலிருந்து, அதுவும் சாப்பாட்டு நேரம் பாராமல் எடுத்த இரத்தத்தில். வயதை 18-இலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அளவீட்டு வித்தியாசத்துக்கு எடையில் தீர்வில்லை; எழுத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மென்பொருளில் வழுக்கும் இடங்கள்

எஸ்.பி.எஸ்.எஸ்.-இன் சாதாரண எடைக் கட்டளை, எடையை ஆள்எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும். எடை 667 என்றால் 667 பேரிடம் கேட்டதாக நினைத்து, திட்டப் பிழையை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்ற அளவை) துளியாக்கி, எல்லா வித்தியாசத்தையும் ‘முக்கியமானது’ என்று காட்டும். சிக்கல் மாதிரிகளுக்கான தனிப் பகுதியை அதில் பயன்படுத்துங்கள், ஸ்டாட்டாவில் ‘எஸ்.வி.ஒய்.’ கட்டளைகள், ஆர் மொழியில் ‘சர்வே’ தொகுப்பு. எடையோடு அடுக்கு (மாதிரி எடுக்கும் முன் பிரித்த தொகுதி), வட்டாரம் இரண்டின் குறியீட்டையும் கொடுக்க வேண்டும். ஒரே லயத்தில் இருப்பவர்கள் ஒரே கிளினிக், ஒரே கடை, ஒரே வேலை. அவர்கள் பதில்கள் ஒத்துப்போகும் என்பதை வட்டாரக் குறியீடுதான் மென்பொருளுக்குச் சொல்கிறது.

பெண்களை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஆண்களை அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். சில வட்டாரங்களே காணாமல் போய், பிழைக் கணக்கு சாயும். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு உட்பிரிவுக் கட்டளையால் கேளுங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு நாட்டுக்கும் எடை போட்ட சதவீதத்தின் பக்கத்தில் போடாத சதவீதத்தையும், மிகச் சிறிய, மிகப் பெரிய எடைகளையும், பயனுறு மாதிரி அளவையும் (மேலே கண்ட 762 போல), சரிக்கட்டப் பயன்பட்ட கணக்கெடுப்பு ஆண்டையும் தாருங்கள். இரண்டு சதவீதங்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், அச்சுக்குப் போகும் முன் எந்தக் கட்டத்தால் அது வருகிறது என்று கோப்பைத் திறந்து தேடுங்கள். பெரும்பாலும் அங்கே பதில் குறைந்த ஒரு வயதுப் பிரிவோ, பழைய வீட்டுக் கணக்கோடு நிற்கும் ஒரு வட்டாரமோ இருக்கும்.