டாக்டர் தாத்தாவின் பெட்டியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

செட்டிநாட்டு வீடுகளில் பாகம் பிரிக்கும்போது, பெட்டகத்துக்குள்ளிருந்து எப்போதாவது ஒரு பழைய டாக்டர் பெட்டி வெளியே வரும். கத்தி, எலும்பறுக்கும் ரம்பம், இடுக்கி, மூக்குக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில், பித்தளைச் சாமான்களோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். புளி எஃகை அரிக்கும். சாம்பலோ, பிடியை ஒட்டி மெலிதாகப் பொறித்திருக்கும் பெயரை அழித்துவிடும். லண்டன் ஜான் வெய்ஸ் போன்ற அறுவைக் கருவிக் கடைக்காரர்கள் பெயரோடு சில சமயம் முகவரியையும் பொறித்தார்கள். கடை இடம் மாறிய ஆண்டு தெரிந்தால் கருவியின் காலமும் பிடிபடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். துருவைச் சுரண்ட வேண்டாம்.

விரிசல் விட்ட பிடியைக் கழற்றி, ஆசாரியிடம் புதுத் தேக்குப் பிடி போடுவது அடுத்த தவறு. காலத்தைக் கணிக்கப் பிடிதான் நல்ல சாட்சி. அறுவை மருத்துவர் லிஸ்டர், கிருமிகளைக் கொல்லும் தன் கார்பாலிக் அமில முறையை வெளியிட்டது 1867இல். பின்னர் கருவிகளைக் கொதிக்க வைக்கும் வழக்கம் வந்தது. கருங்காலியும் தந்தமும் அந்தச் சூட்டைத் தாங்காததால் முழு உலோகப் பிடிகள் பரவின. துருப்பிடிக்காத எஃகு 1913க்குப் பிறகுதான்.

பங்காளிகள் ஆளுக்கொரு கருவியாகப் பிரித்துக்கொள்வதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பெட்டியின் வெல்வெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே பள்ளம் இருக்கும். காலியான பள்ளம்கூட எது தொலைந்தது என்று சொல்லும். நோட்டை எடைக்குப் போடுவது அதைவிடக் கொடுமை. தஞ்சை சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள் தப்பியதால்தானே அங்கே யாருக்கு என்ன செய்தார்கள் என்று இன்று தெரிகிறது? கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள்.

மருந்துப் புட்டிகள் இருந்தால் மூடியைத் திருகவே கூடாது. பழைய ஈதரும், காய்ந்துபோன பிக்ரிக் அமிலமும் வெடிக்கக்கூடியவை. தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

விற்பதாக இருந்தால் ஒன்று: நூறாண்டைக் கடந்த இத்தகைய தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. தந்தப் பிடி போட்டதை உள்ளூரிலும் விற்கக் கூடாது. காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோகும் முன், பெட்டியைத் திறந்தபடி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கப் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊரில் வைத்தியம் பார்த்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.