திற்பரப்புப் பாறைக்குள் புகுந்த தண்ணீர்

குமரி மாவட்டத்துத் திற்பரப்பில் கோதையாறு அருவியாகப் பாறை மேல் இறங்குவதை எஸ்.பி.எச். முறையில், அதாவது தண்ணீரைத் துகள்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறையில், கணினியில் ஓட்டிப் பார்த்தேன். மேலே ஆற்றில் எல்லாம் ஒழுங்கு. செங்குத்துப் பகுதி வந்ததும் பாதித் துகள்கள் பாறைக்குள் புகுந்து காணாமல் போயின. மிச்சம் பொரி மாதிரி தெறித்தன.

நேர அடியை, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரத்தை, குறைத்தால் சரியாகும் என்பார்கள். கணக்கு மெதுவானதுதான் மிச்சம்.

வில்லங்கம் எல்லைத் துகள்களில், அதாவது தண்ணீரைத் தடுக்கப் பாறையாக நிற்கும் துகள்களில். நிரல் அவற்றை உயர வரைபடத்தின் கட்டத்துக்கு ஒன்றாக வைக்கும். சமதளத்தில் அது போதும். ஆனால் 60 டிகிரி சரிவில் பாறைப் பரப்பின் வழியே இடைவெளி இரட்டிப்பாகும். 75 டிகிரியில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அந்தச் சந்தில்தான் கசிவு.

உயரப் புள்ளிகளை முக்கோணங்களாக்கி, ஒவ்வொன்றின் பரப்பளவுக்கு ஏற்பத் துகள்களைத் தூவினேன். பரப்புக்கு அடியில் வரும் துகள் அடுக்குகளை நேர் கீழே இறக்காமல், பரப்புக்குச் செங்குத்தாக உள்நோக்கி, கெர்னல் ஆரம் (ஒரு துகள் அக்கம்பக்கத்தைப் பார்க்கும் தூரம்) நிரம்பும்வரை வைத்தேன். தூவினால் அங்கங்கே நெரிசல் வரத்தான் செய்யும். அதற்கு அகின்சி என்ற ஆய்வாளரின் குழு 2012இல் சொன்ன வழி இருக்கிறது: அக்கம்பக்கத்து நெருக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு எல்லைத் துகளுக்கும் கன அளவு கொடுப்பது. கசிவு நின்றது.

பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் மட்டும் தனிக்கதை. ஒரு புள்ளிக்கு ஒரே உயரம் வைக்கும் வரைபடத்தில் அவை வரவே வராது. அங்கே மெஷ்ஷை, அதாவது அந்த முக்கோண வலையை, கையால்தான் திருத்தினேன்.