புத்தகப் பையிலிருந்து வந்த பீப் சத்தம்

கோலாலம்பூர் செந்தூலில் மகளும் மனைவியும், ஜொகூரில் வேலையோடு நான். ஞாயிறு இரவு பஸ் ஏறினால் வெள்ளி இரவுதான் வீடு. அதனால் மகளின் பள்ளிப் பையில் ஒரு ஏர்டேக் போட்டேன், என் ஐபோனில் பதிந்து. பொருள் எங்கே இருக்கிறதென்று போனில் காட்டும் ஆப்பிளின் சின்னக் கருவி அது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பை பீப் அடித்தது. டீச்சர் வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். பேட்டரி தீர்கிறதென்று நினைத்து புது சிஆர்2032 பட்டன் பேட்டரி போடச் சொன்னேன். பயனில்லை. வெள்ளி வீடு வந்ததும் டேக்கை என் போனிலிருந்து அழித்து மறுபடி பதிந்தேன், அதுவும் வீண்.

கவனித்தது மகள்தான். "தூக்கும்போது மட்டும்தான்பா கத்துது. திங்கட்கிழமை கத்தவே இல்ல."

அங்கேதான் பிடிபட்டது. உரிமையாளரின் போனைவிட்டு 8 முதல் 24 மணி நேரம் பிரிந்திருந்தால், அசைக்கும்போது அது சத்தம் போடும். யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நான் கிளம்பிய நேரத்திலிருந்து கணக்கு ஓடியிருக்கிறது.

ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17 முதல் ஒரு டேக்கை 5 பேரோடு பகிரலாம். மனைவியின் ஐபோனோடு பகிர்ந்தேன். இரண்டு வாரமாகச் சத்தமே இல்லை.

இன்னொரு பாக்கி: வேன் அங்கிள். அவர் போனில் "உங்களோடு ஒரு ஏர்டேக் நகர்கிறது" என்று எச்சரிக்கை வந்து, பாவம், சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறார். அவர் வேன் போகும் வழியும் எனக்குத் தெரியும் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. சொன்னேன், எச்சரிக்கையை நிறுத்திவைத்துக்கொண்டார். மகளிடமும் டேக் எந்த ஜிப்பில் இருக்கிறதென்று காட்டிவிட்டேன்.