மகனை இழந்த அப்பா பழிவாங்கக் கிளம்பும்போது: கதையில் செய்யக்கூடாத தவறுகள்

ஹாங்காங் ஆக்ஷன் பட இயக்குநர் ஜான் வூ இருபது வருடம் கழித்து ஹாலிவுட்டுக்குத் திரும்பி எடுத்த படம் ‘சைலண்ட் நைட்’ (2023). கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். இரண்டு கும்பல்கள் காரில் விரட்டிக்கொண்டு சுட்டதில், வீட்டு வாசலில் விளையாடிய பையன் மேல் குண்டு பாய்ந்து இறந்துபோகிறான். துரத்தி ஓடிய அப்பாவைத் தொண்டையில் சுடுகிறார்கள். பிழைத்துக்கொள்கிறார், குரல் போய்விடுகிறது. அடுத்த டிசம்பர் 24க்குக் காலண்டரில் நாள் குறித்துவைத்துத் தயாராகிறார். படத்தில் வசனமே கிட்டத்தட்ட கிடையாது.

கதையைச் சொல்லிக் கேட்டால் உடனே பார்க்கத் தோன்றும். பார்த்தால் சப்பென்று இருக்கிறது. குறும்படத்துக்கோ சினிமாவுக்கோ இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது இதில் வரிசையாகக் கிடைக்கிறது.

பெரிய சறுக்கல் பையன் விஷயத்தில். அவன் சிரிக்கிறான், அப்பா தூக்கிச் சுற்றுகிறார், வெளிச்சம் பொன்னிறமாக விழுகிறது. அவ்வளவுதான் அவன். எதற்கு அடம்பிடிப்பான், அப்பாவிடம் மட்டும் என்ன சொல்வான், எதுவும் நமக்குத் தெரியாது. துப்பாக்கி எடுக்க ஒரு காரணம் வேண்டும், அதற்காகச் செத்த பிள்ளை. இதே வூ 1997ல் எடுத்த ‘ஃபேஸ்/ஆஃப்’ படமும் மகனை இழந்த அப்பா கதைதான். குடை ராட்டினத்தில் அப்பாவும் பையனும் சுற்றுகிறார்கள், ஒரே குண்டு அப்பாவைத் துளைத்துப் பையனைக் கொல்கிறது. சில நிமிடம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் அன்பைக் காட்ட ஒருவர் முகத்தில் மற்றவர் உள்ளங்கையை மெல்ல இழுப்பார்கள். அந்தச் சைகை படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அப்பாவின் மார்பில் அந்தக் குண்டின் தழும்பு இருக்கும். பையன் போன பிறகும் அந்த இரண்டிலும் அவன் இருந்துகொண்டே இருக்கிறான்.

அப்புறம் அந்த மௌனம். அப்பாவுக்குக் குரல் இல்லை, சரி. மனைவிக்கு என்ன ஆனது? சாவு நடந்த வீட்டில்தான் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் வரும். ‘நீ ஏன் அவனை உள்ளே கூப்பிடவில்லை’ என்று அவள் கத்த, பதில் சொல்லத் தொண்டை இல்லாமல் அவர் நிற்பதை நினைத்துப் பாருங்கள். கதையிலேயே அந்தக் காட்சி இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. வசனம் வைக்கக்கூடாது என்று போட்டுக்கொண்ட விதிக்காக அவளையும் ஊமையாக்கி, கொஞ்ச நேரத்தில் வீட்டை விட்டே அனுப்பிவிடுகிறார்கள். எடுத்துக்கொண்ட உத்தி கதாபாத்திரத்தின் வாயைக் கட்டுகிறது என்றால், உத்தியைத்தான் தளர்த்த வேண்டும்.

பயிற்சிக் காட்சிகள் நீளம். தண்டால், கத்தி, கார் ஓட்டம் என்று போகிறது. நடுவில் ஒரு நல்ல இடம் உண்டு. கும்பலில் ஒருவனைப் பிடித்துவந்து கட்டிப்போடுகிறார். அவன் திமிற, சண்டை தாறுமாறாகப் போகிறது. மூச்சு வாங்கி, தடுமாறி, எப்படியோ தப்பிக்கிறார். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாதாரண மனிதன் கொல்லப் போனால் இப்படித்தானே இருக்கும்! ஆனால் 24ஆம் தேதி வந்ததும் அந்தத் தடுமாற்றம் எங்கோ போய், குறி தப்பாத இயந்திரமாகிவிடுகிறார். பயம் போனால் நமக்குப் பதைப்பும் போய்விடுகிறது.

வில்லனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பச்சை குத்திய முகம், முறைப்பு. லத்தீன் அமெரிக்க இளைஞன் என்றாலே ரவுடி என்கிற பழைய அச்சு. ‘ஃபேஸ்/ஆஃப்’ வில்லனுக்கு ஒரு தம்பி உண்டு, ஒரு சின்ன மகனும் உண்டு. கதைப்படி அறுவை சிகிச்சையில் எதிரியின் முகத்தை மாட்டிக்கொண்ட அப்பா அந்தக் குழந்தையைப் பார்த்து உடைந்துபோவார். பழிவாங்கும் வெறிக்கு அதைவிடச் சிக்கலான முட்டுக்கட்டை கிடைக்குமா?

போலீஸ்காரர் ஒருவரும் வருகிறார். ஆரம்பத்தில் கார்டு கொடுத்துவிட்டுப் போய், கடைசிச் சண்டைக்குத் தேவைப்படும்போது வந்து சேர்கிறார்.

சண்டைக்காக மட்டும் பார்ப்பதென்றால் கடைசிப் பகுதியை ஓட்டிப் பாருங்கள். மாடிப்படியில் ஏறிக்கொண்டே சுடும் அந்த நீண்ட ஷாட்டில் பழைய வூ கொஞ்சம் தெரிகிறார்.