வாக்குத்தத்த அட்டையை எப்படி வாசிப்பது

புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும், ஆளுக்கொரு பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுப்போமே, அந்த வசனத்தை வருஷம் முழுக்க எப்படி வாசிப்பது என்றுதான் எழுதுகிறேன். தப்பாக வாசித்துக் கஷ்டப்பட்டவள் நான்.

2016-க்கு எனக்கு வந்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அப்போது நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்துக்கு வந்து பதினோரு வருஷம். நான் எதிர்பார்த்திருந்த முடிவு ஒன்றே ஒன்று, என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல். அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் சாக்கு மூட்டையாகவே கிடந்தன. ஊருக்குப் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று. அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஜூனில் மாற்றல் பட்டியல் வந்தது, அவர் பெயர் இல்லை. அப்புறம் ஜெபிக்க உட்கார்ந்தாலே கர்த்தர் மேல் மனத்தாங்கல்தான்.

அட்டையில் இருப்பது ஒரு வசனம். முதலில் வேதத்தை எடுத்து அந்த அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். எரேமியா 29-இல் 32 வசனங்கள்தான், பத்து நிமிஷம்கூட ஆகாது. முந்தின அதிகாரத்தையும் விட்டுவிடாதீர்கள். 28-இல் அனனியா என்பவன், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களும் ஆலயப் பாத்திரங்களும் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிப்பான வாக்கு! அந்தச் சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்திலோ 70 வருஷம் என்று இருக்கிறது. அதுவும் நம் அட்டை வசனத்துக்கு நேர் முந்தின வசனத்தில். எரேமியாவின் வசனத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நான் அனனியாவின் வாக்குக்கல்லவா காத்திருந்தேன்!

அடுத்து, யாரிடம் பேசப்படுகிறது என்று பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் இது சுலபம். ஆபிரகாமிடமும் மோசேயிடமும் கர்த்தர் "நீ" என்றுதான் பேசுகிறார். "உங்கள்" என்று வந்தால் அது மரியாதைக்காக அல்ல, பலரிடம் பேசுகிறார் என்று அர்த்தம். இங்கே அந்தப் பலர், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்கள். அப்படியானால் எனக்கு இதில் பங்கு இல்லையா? உண்டு. ஆனால் அவர்கள் வழியாகத்தான் அது எனக்கு வருகிறது. அவர்களுக்குச் சொல்லாத அர்த்தத்தை நான் அதில் ஏற்ற முடியாது.

ஒரு வார்த்தையில் மனசு மாட்டிக்கொண்டால் இன்னொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மாட்டிக்கொண்டது "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்பதில். 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் எதிர்காலம், நம்பிக்கை என்று இருக்கிறது. எபிரெயத்திலும் இரண்டு சொற்கள்தான். நான் மனசில் போட்டு வைத்த பட்டியலை நிறைவேற்றுவதாக அங்கே வாக்கே இல்லை. இதை நினைத்து இரண்டு நாள் அழுதிருக்கிறேன்.

சரி, அப்புறம் பென்சிலை எடுத்து, அதே அதிகாரத்தில் "செய்யுங்கள்" என்று வருகிற இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள். வாக்குத்தத்தம் அட்டையில் ஏறிவிடுகிறது, கட்டளை வேதத்திலேயே தங்கிவிடுகிறது. ஐந்தாம் வசனத்தில் வீடுகளைக் கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடவும் சொல்லியிருக்கிறது. ஏழாம் வசனத்தில் சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம் பண்ணச் சொல்லியிருக்கிறது. அட்டை வசனத்தின் கடைசியில் வரும் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பதிலும் இந்தச் சமாதானத்திலும் எபிரெயத்தில் ஒரே சொல்தான், ஷாலோம். சண்டை இல்லாமல் இருப்பது மட்டும் ஷாலோம் ஆகாது. எல்லாம் குறைவில்லாமல் நலமாயிருப்பது.

நான் கோடு போட்டது அந்த வருஷம் செப்டம்பர் 12 ராத்திரி. காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்த நாள் அது. எங்கள் வண்டியும் தமிழ்நாட்டு எண். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா தானாகவே கேட்டைத் திறந்து, வண்டியை அவர்கள் காம்பவுண்டுக்குள் விடச் சொல்லி, எண் தெரியாமல் ஒரு பழைய சேலையைப் போர்த்திவிட்டார்கள். அன்றைக்கு இந்தப் பட்டணத்துக்காக விண்ணப்பம் பண்ணு என்றால் எப்படி? வாய் வரவில்லை. "கர்த்தாவே, அந்த அம்மா வீட்டுக்குச் சமாதானம் கொடும்" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் முடியவில்லை.

கோடு போட்டதில் ஒன்றை அந்த வாரமே செய்யுங்கள். ஒன்று போதும், ஆனால் கையால் செய்கிற காரியமாக இருக்கட்டும். மனசுக்குள் கீழ்ப்படிந்ததாக நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் வழுக்கிவிடும். நான் சாக்கைப் பிரித்தேன். பதினோரு வருஷக் களிம்பு, புளி போட்டுத் தேய்க்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. பழைய பெயின்ட் வாளியில் மண் நிரப்பி ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன்.

செய்ததை அட்டையின் பின்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். என் அட்டையில் சாக்கு, கன்று என்று இரண்டு வரி. மூன்றாவது வரி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் கன்னட எழுத்து படிக்க ஆரம்பித்த தேதி. அவர்கள் சாம்பாருக்கு இன்றைக்கும் கறிவேப்பிலை எங்கள் வாளியிலிருந்துதான் போகிறது.