படத்தின் நாவல் கையில் இருந்தால் போதுமா? கெனன் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளைக் கிளறினால், அட்டையில் பட போஸ்டர் போட்ட ஆங்கில நாவல்கள் அகப்படும். அதை வாங்கிப் படித்துவிட்டு, "புத்தகத்தில இப்படித்தான் இருக்கு, அதனால கதையும் இதுதான்" என்று வாதாடுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். ஒரு கதையுலகில் எது அதிகாரபூர்வமாக நடந்ததாகக் கணக்கு என்பதைத்தான் கெனன் என்கிறார்கள். அந்த விவாதத்தில் சறுக்குவதும் இங்கேதான்.

முதலில், அட்டையை நம்ப வேண்டாம். படம் வரும் நேரத்தில் மூல நாவலையே போஸ்டர் அட்டையோடு மறுபடி விற்பார்கள். உள்ளே தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். இன்னாருடைய திரைக்கதையைத் தழுவியது என்று சின்ன எழுத்தில் இருந்தால், அது படத்தை வைத்து எழுதிய நாவல். கல்கி 1950களில் எழுதி, 2022இல் படமாக வந்த 'பொன்னியின் செல்வன்' போன்றவற்றின் கணக்கு வேறு.

புத்தகம் முந்தி வந்தது என்பதும் ஆதாரமாகாது. 'ஸ்டார் வோர்ஸ்' நாவல் 1976இலேயே கடைக்கு வந்துவிட்டது, படம் 1977 மே மாதம்தான். அட்டையில் படத்தின் இயக்குநர் ஜோர்ஜ் லூக்காஸ் பெயர் இருந்தாலும் எழுதியவர் அலன் டீன் ஃபோஸ்டர். படம் வெளியாகும்போது புத்தகமும் கடையில் இருக்க வேண்டும் என்பதால், எடிட்டிங் முடியும்வரை நாவலாசிரியர் காத்திருக்க முடியாது. திரைக்கதைப் பிரதியை வைத்தே எழுதுவார். பிறகு படத்திலிருந்து வெட்டப்பட்ட காட்சி புத்தகத்தில் அப்படியே தங்கிவிடும். அதைப் படத்தின் மறைக்கப்பட்ட உண்மை என்று தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

அப்புறம், படைத்தவரே எழுதினால் செல்லும் என்ற நம்பிக்கை. 'ஸ்டார் ட்ரெக்'கை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி, 1979இல் வந்த முதல் படத்தின் நாவலைத் தானே எழுதினார். அதுகூடக் கெனன் இல்லை. அங்கே திரையில் வந்தது மட்டும்தான் கணக்கு. எது செல்லும் என்று முடிவெடுப்பது கதையின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம், அந்த முடிவும் மாறும். 2014 ஏப்ரலில் லூக்காஸ்ஃபிலிம் அதுவரை வந்த 'ஸ்டார் வோர்ஸ்' நாவல் உலகத்தை 'லெஜன்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கியது. பட நாவல்கள் திரையோடு ஒத்துப்போகும் இடங்களில் மட்டுமே செல்லும் என்றானது. ஆகவே அதற்கு முந்திய விளக்கங்களை இன்று எடுத்துக்காட்டுவது பிழை.

கெனன் இல்லையென்றால் படிக்கவே தேவையில்லை என்பார்கள் சிலர். எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். அதே ஃபோஸ்டர் எழுதிய 'ஏலியன்' பட நாவலில், கூட்டுப்புழு மாதிரிச் சுற்றப்பட்டுக் கிடக்கும் கப்டன் டல்லாஸ், தன்னைக் கொன்றுவிடும்படி நாயகி ரிப்ளியிடம் கெஞ்சும் இடம் ஒன்று உண்டு. 1979இல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. 2003இல் வந்த இயக்குநர் பதிப்பில்தான் சேர்த்தார்கள். நாவலை வாங்கியவர்கள் அதை 1979இலேயே படித்துவிட்டார்கள்.