தண்டாலில் தொங்கும் இடுப்பு

தினமும் மொட்டை மாடியில் 30 தண்டால் எடுக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த மனைவி ஒருநாள் சொன்னாள்: "என்னங்க, நெஞ்சுக்கு முன்னாடி தொப்பைதான் தரைக்குப் போகுது." மகனிடம் போனைக் கொடுத்துப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொன்னேன். பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

நீங்களும் வீடியோவில் ஆரம்பியுங்கள். கண்ணாடி வேண்டாம், அதைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலே கழுத்து கோணிவிடும். கடைசி நான்கைந்து தண்டாலை உற்றுப் பாருங்கள். களைப்பு வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

கையில் பலமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் தளர்ந்திருந்தவை வயிறும் பிட்டமும். கையை ஊன்றியதும் பிட்டத்தை இறுக்குங்கள். இருமும்போது வயிறு இறுகுமே, அந்த இறுக்கத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். சரியா என்று பார்க்க, மாப்புக் கம்பை முதுகில் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, பிட்டம் மூன்றிலும் அது பட வேண்டும். (நான் சொல்வது நேர்த் தண்டால். உடலை வளைத்து எழும் பழைய மல்லர் தண்டால் வேறு, அதில் முதுகு வளைவது தப்பில்லை.)

அப்படியும் தொங்கினால் மாடிப்படிக்குப் போங்கள். 70 கிலோ ஆள் தரையில் தண்டால் எடுத்தால் கைகளில் சுமார் 45 கிலோ இறங்கும். நான்காவது படியில், அதாவது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரத்தில் கையை ஊன்றினால் 30 கிலோகூட வராது. தொங்காமல் 12 எடுக்க முடிந்த பிறகு ஒரு படி கீழே வாருங்கள். நான் தரைக்கு வர இரண்டு மாதம் ஆனது. கௌரவம் பார்த்திருந்தால் இன்னும் கட்டிலாகவே இருந்திருப்பேன்.

முழங்கைகளைச் சிறகு மாதிரி விரிக்க வேண்டாம், தோள்பட்டை கெடும். விலாவிலிருந்து 45 டிகிரி அளவு போதும். மணிக்கட்டு வலித்தால் மடித்த துண்டின் மேல் முஷ்டியை ஊன்றலாம்.

தண்டாலோடு பஸ்கியும் (உட்கார்ந்து எழும் பயிற்சி) எடுப்பவரா? உட்காரும்போது குதிகால் தூக்கிக்கொள்கிறதா? பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான். கால் கட்டைவிரலைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுத் தொட்டு வாருங்கள், காலுக்குப் பத்து முறை. அது இளகும்வரை குதிகாலுக்குக் கீழே ஒரு மெல்லிய பலகை வைத்துக்கொள்ளலாம்.

வலி முதுகிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ இந்த வித்தை எதுவும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.